ஒரு டப்பா பெயிண்ட்

காதலில் தோற்ற இளைஞர்கள் நம் ஊரில் என்ன செய்வார்கள்? தாடி வளர்ப்பார்கள். சோகப் பாட்டாகத் தேடித் தேடிக் கேட்பார்கள். மிஞ்சிப் போனால் ஆபீஸுக்கு இரண்டு நாள் லீவு போடுவார்கள். அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தின் தலைநகரான ஆஸ்டினில், ஒரு ஆசாமி வேறு மாதிரி செய்தார். ஊர் நடுவே நின்ற 500 வயசு ஓக் மரத்தின் அடியில் விஷத்தைக் கொட்டினார்.

நடந்தது 1989-ல். மரத்தின் பெயர் ட்ரீட்டி ஓக். 'ஒப்பந்த மரம்' என்று வைத்துக் கொள்ளுங்களேன். ஊருக்குப் பெயர் கொடுத்த ஸ்டீஃபன் ஆஸ்டின் இந்த மரத்தடியில்தான் அங்கிருந்த பூர்வகுடியினரோடு எல்லை ஒப்பந்தம் போட்டார் என்று ஒரு கதை. சரித்திர ஆதாரம் கிடையாது. ஸ்தல புராணம் மாதிரி. ஆதாரம் கேட்கக் கூடாது. விபூதியை இட்டுக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும்.

ஆனால் மரம் நிஜம். கிளைகளின் விரிவு மட்டும் 127 அடி. 1937-ல் நகராட்சியே 1000 டாலர் கொடுத்து மரத்தை இடத்தோடு வாங்கிப் பூங்காவாக்கியது.

நம்ம ஆசாமி கொட்டியது வெல்பார் என்ற மரக்கொல்லி மருந்து. பரிசோதித்துப் பார்த்தால் 100 மரங்களைச் சாகடிக்கிற அளவு! ஏன் ஸார் செய்தாய் என்று விசாரித்ததில், ஒருதலைக் காதல், அதை மனசிலிருந்து ஒழிக்க ஒரு மாந்திரீகச் சடங்கு என்றெல்லாம் தகவல் வந்தது. சடங்கோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார். வாய் சும்மா இருக்கவில்லை. நான்தான் செய்தேன் என்று பெருமையடித்துக் கொண்டு மாட்டினார். 9 வருஷ ஜெயில் தண்டனை.

மரத்துக்கு நடந்த வைத்தியம்தான் விசேஷம். ராஸ் பெரோ என்ற கோடீஸ்வரர் தொகை எழுதாத செக் கொடுத்தார். எவ்வளவு வேண்டுமோ போட்டுக் கொள்ளுங்கள் என்று. வேரைச் சுற்றியிருந்த விஷ மண்ணைத் தோண்டி எடுத்துப் புது மண் போட்டார்கள். வேருக்குச் சர்க்கரை கொடுத்தார்கள், நோயாளிக்கு குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி. ஊற்றுத் தண்ணீரை மேலிருந்து பனியாகத் தெளித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'சீக்கிரம் குணமாகு' என்று கார்டு எழுதி வேலியில் மாட்டினார்கள்.

இத்தனைக்கும் பலன்? மரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செத்துப் போயிற்று. ஒரு பங்கு பிழைத்தது.

இந்தக் கணக்கை மனசில் வைத்துக் கொள்ளுங்கள். தொகை எழுதாத செக், டாக்டர் பட்டாளம், குழந்தைகளின் பிரார்த்தனை எல்லாம் சேர்ந்து காப்பாற்ற முடிந்தது மூன்றில் ஒரு பங்கு. ஏன் சொல்கிறேன் என்றால், அதே ஆஸ்டினில் ஓக் மரங்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதில் வில்லன் யாரும் கிடையாது. லீவு நாளில் ரம்பத்தை எடுத்துக் கொண்டு தோட்டத்தில் இறங்கும் ரொம்ப நல்லவர்கள்தான் பல சமயம் அதற்குக் கதவைத் திறந்து விடுகிறார்கள்.

அதன் பெயர் ஓக் வாடல் நோய்.

* * *

முதலில் ஒரு சந்தேக நிவர்த்தி. ஊட்டி, ஏற்காடு பக்கம் போனவர்கள், "ஓக்கா? எஸ்டேட் முழுக்கப் பார்த்திருக்கோமே" என்பார்கள். அது சில்வர் ஓக். ஆஸ்திரேலியச் சரக்கு. பெயரில்தான் ஓக், நிஜ ஓக்குக்கு ஒன்றுவிட்ட சொந்தம்கூடக் கிடையாது. தமிழில் கருவாலி என்கிறார்களே, அதுதான் நிஜம். அதிலும் பல ஜாதி உண்டு. ஆஸ்டின் தெருக்களில் நிழல் தருவது லைவ் ஓக். மற்ற ஓக் மரங்கள் குளிர்காலத்தில் மொட்டை போட்டுக் கொள்ள, இது மட்டும் பச்சையாக நிற்கும். அதனால்தான் 'லைவ்'.

லைவ் ஓக்கின் பலமும் பலவீனமும் ஒன்றே. கூட்டுக் குடும்பம். பக்கத்துப் பக்கத்து மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைந்திருக்கும். கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தருக்கு ஜலதோஷம் வந்தால் என்ன ஆகும்? அதேதான். வாடல் நோய் என்பது ஒரு பூஞ்சணம். மரத்தின் தண்ணீர்க் குழாய்களுக்குள் புகுந்து வளரும். ஒரு மரத்தில் புகுந்துவிட்டால் வேர் வழியாகவே பக்கத்து மரம், அதற்கடுத்த மரம் என்று வருஷத்துக்குச் சராசரியாக 75 அடி நடந்து போகும். காம்பவுண்ட் சுவர், பட்டா எண் எதுவும் அதற்குத் தெரியாது.

சரி, முதல் மரத்துக்கு எப்படி வந்தது? அங்கேதான் சிவப்பு ஓக் என்ற உறவுக்காரர் வருகிறார். இந்த நோயில் செத்த சிவப்பு ஓக்கின் பட்டைக்கு அடியில் பூஞ்சணம் மெத்தை மாதிரி வளர்ந்து பட்டையைப் பிளக்கும். அந்த மெத்தையிலிருந்து பழ வாசனை வரும். சாறு குடிக்கிற சின்னஞ்சிறு வண்டுகள் வாசனையைப் பிடித்துக் கொண்டு வந்து, உருண்டு புரண்டு, உடம்பெல்லாம் பூஞ்சண வித்தை ஒட்டிக் கொண்டு கிளம்பும். அடுத்த விருந்து எங்கே? புதிதாக வெட்டுப்பட்டுச் சாறு கசிகிற ஓக் மரத்தில்!

விஷயம் புரிகிறதா? அந்த வண்டுக்கு மரத்தில் ஓட்டை போடத் தெரியாது. காயத்தை வேறு யாராவது செய்து கொடுக்க வேண்டும். புயல் செய்யலாம். புல்வெட்டும் மிஷின் அடிமரத்தில் இடித்துச் செய்யலாம். வீடு கட்டுகிறவர்களின் லாரி செய்யலாம். அல்லது ரம்பத்தோடு வருகிற ரொம்ப நல்லவர் செய்யலாம்.

உள்ளே பூஞ்சணம் நுழைந்ததும் மரம் சும்மா இருக்காது. தன் குழாய்களைத் தானே அடைத்துக் கொண்டு எதிரியை மடக்கப் பார்க்கும். எதிரி அதற்குள் முன்னால் போய்விட்டிருப்பான். அடைத்த குழாயில் தண்ணீரும் ஏறாது. சிவப்பு ஓக் என்றால் இலை வாட ஆரம்பித்து ஒரு மாசத்துக்குள் காலி. லைவ் ஓக் மெதுவாக, பெரும்பாலும் 3 முதல் 6 மாசத்தில். சில லைவ் ஓக் மட்டும் குறை உயிரோடு பிழைத்துக் கொள்ளும்.

வெள்ளை ஓக் வகையறா மட்டும் கெட்டி. அதன் குழாய்கள் சுலபத்தில், சீக்கிரத்தில் அடைபடுகிறவை. பூஞ்சணத்தால் ஓட முடியாது. விஸ்கி பீப்பாயை வெள்ளை ஓக்கில் செய்வதற்கும் இதுதான் காரணம். அடைப்பு இருப்பதால் ஒழுகாது. சிவப்பு ஓக்கில் பீப்பாய் செய்தால் சரக்கு வெளியே வந்துவிடும். மரத்தின் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் மதுபானத்துக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான். வேறு அர்த்தம் பண்ணிக் கொண்டு வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள்.

* * *

நோய் வந்த பிறகு என்ன செய்யலாம்? தஞ்சாவூர்க்காரர்களைக் கேட்டால் பாதி பதில் சொல்லிவிடுவார்கள். தென்னைக்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்று ஒன்று உண்டு. 1952-ல் அந்த ஜில்லாவில் கவனித்தது. பூஞ்சணம் வேறு. ஆனாலும் அதுவும் மண் வழி, வேர் வழி பரவுகிற சமாசாரம். நோய் கண்ட மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டித் தனிமைப்படுத்து, வேர் வழியே மருந்து கட்டு என்பார்கள். டெக்ஸாஸிலும் ஏறக்குறைய அதே வைத்தியம். வாடுகிற மரத்திலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி, குறைந்தது 4 அடி ஆழத்துக்கு மிஷின் வைத்துப் பள்ளம் வெட்டி வேர்த் தொடர்பைத் துண்டிப்பார்கள். இன்னும் நோய் வராத மரங்களின் அடியில் சின்னச் சின்னத் துளை போட்டு, டியூப் செருகி, புரோபிகொனசோல் ஏற்றுவார்கள். வாழையில் இலைப்புள்ளி நோய்க்கு நம் விவசாயிகள் அடிக்கிறார்களே, அதே மருந்து.

வேலை செய்யும். ஆனால் மருந்து ஏற்ற ஒரு மரத்துக்கே நூற்றுக்கணக்கில் டாலர். சில வருஷத்தில் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். அது அந்த மரத்தைக் காப்பாற்றும். வேர் வழியாகப் பரவுவதை நிறுத்தாது. பள்ளம் வெட்டவோ பக்கத்து வீட்டுக்காரர், எதிர் வீட்டுக்காரர், தண்ணீர்க் குழாய்க்காரர், டெலிபோன்காரர் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறதைவிடக் கஷ்டம்.

அதனால்தான் டெக்ஸாஸ் வனத்துறையும் ஆஸ்டின் நகராட்சியும் ஒரே பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடுகின்றன. பிப்ரவரி 1 முதல் ஜூன் 30 வரை ஓக் மரத்தில் கத்தி வைக்காதே. அந்த மாசங்களில்தான் பூஞ்சண மெத்தையும் இருக்கும், வண்டுகளும் சுறுசுறுப்பாக அலையும். மற்ற மாசத்தில் வெட்டலாம். கடும் வெயிலும் கடும் குளிரும் உத்தமம். எந்த மாசம் வெட்டினாலும் வெட்டின கையோடு காயத்துக்குப் பெயிண்ட் அடித்துவிட வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து அடிக்கலாம் என்பது கூடாது. அதற்குள் வண்டு சாப்பிட்டுவிடும்.

பெயிண்ட் விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரணமாக மரக் காயத்துக்கு எதையும் பூச வேண்டியதில்லை. அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷைகோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கே அறுத்துப் பார்த்துச் சொன்னது இது. மரத்துக்குக் காயம் ஆறுவதே கிடையாது. காயம் பட்ட இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி மூடிவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்ந்து கொள்கிறது. பெயிண்ட் அந்தச் சுவரைக் கட்டாது. ஓக் வாடல் உள்ள ஊரில் மட்டும் விதிவிலக்கு. இங்கே பெயிண்ட் மருந்து இல்லை. வண்டுக்கு முன்னால் சாத்துகிற கதவு.

* * *

ஆஸ்டினில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் அதிகம். ஆகவே தமிழர்களும் அதிகம். என் அக்கா பையன் ஒருத்தன் இருக்கிறான். வீடு வாங்கியிருக்கிறான். வீட்டோடு மூன்று லைவ் ஓக்கும் வந்தது. மார்ச் மாசம் ஒரு நாள் போன்.

"மாமா, குடி முழுகிப் போச்சு. மூணு மரமும் மொத்தமா இலையைக் கொட்டுது."

"பதறாதேடா. லைவ் ஓக் வருஷா வருஷம் இந்த சீசன்லதான் பழைய இலையைத் தள்ளிட்டுப் புதுசு விடும். கீழே கிடக்கிற இலையை எடுத்து நரம்பைப் பாரு. இலை முழுக்க ஒரே மாதிரி மஞ்சளா இருக்கா, இல்லே நரம்பு மட்டும் மஞ்சளாவோ பழுப்பாவோ ஓடி, நடுவிலே பச்சையா இருக்கா?"

"முழுக்க மஞ்சள்தான்."

"அப்ப நோய் இல்லே. நரம்பு மட்டும் பழுத்தாத்தான் வாடல் நோய்னு சந்தேகப்படணும். அப்பவும் நீயா முடிவு பண்ணாதே. யூனிவர்சிட்டி லேப் இருக்கு. அங்கே அனுப்பிப் பார்க்கணும்."

"சரி மாமா. அப்புறம், ஒரு கிளை கூரையிலே உரசுது. மாமியார் அடுத்த மாசம் வர்றாங்க. அதுக்குள்ளே வெட்டிடலாம்னு..."

"ஜூலை வரைக்கும் பொறு."

"மாமியார் கிட்டே என்ன சொல்றது?"

"மரத்துக்கு நாள் சரியில்லேன்னு சொல்லு. நம்புவாங்க."

கொஞ்ச நேரம் மௌனம். "மாமா, நீங்க ஓக் மரத்தை நேர்லே பார்த்திருக்கீங்களா?"

"பார்க்காததைப் பத்தி எழுதறதுதாண்டா பத்திரிகைக்காரன் வேலை. போனை வை."

அவனிடம் இன்னொன்றும் சொன்னேன். அவன் வீட்டு மரம் என்பதால் அவன் இஷ்டத்துக்கு வெட்டித் தள்ள முடியாது. ஆஸ்டினில் மார்பு உயரத்தில் 19 அங்குலக் குறுக்களவு தாண்டிய மரத்தை எடுக்க நகராட்சி அனுமதி வேண்டும். 2010-ல் வந்த சட்டத்தின்படி, லைவ் ஓக் போன்ற சில ஜாதிகள் 24 அங்குலம் தாண்டினால் 'பாரம்பரிய மரம்' ஆகிவிடும். அதற்குக் கெடுபிடி இன்னும் ஜாஸ்தி.

* * *

விதி என்று ஒன்று இருந்தால் அதைச் சோதிக்க இயற்கை ஒரு நாள் வரும். 2023 ஜனவரி கடைசியில் ஆஸ்டினில் பனிமழை. விழுந்த துளியெல்லாம் கிளையிலேயே உறைந்து கண்ணாடிக் குழாய் மாதிரி கனத்தது. இலை உதிர்க்காத லைவ் ஓக்குக்குத்தான் பாரம் அதிகம். ஊர் முழுக்கக் கிளைகள் முறிந்து மின் கம்பிகளின் மேல் விழுந்தன. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போயிற்று. பிப்ரவரி பிறந்துவிட்டது. வெட்டக் கூடாத மாசம். கூரையிலும் தெருவிலும் முறிந்த கிளை தொங்குகிறது. என்ன செய்வது?

வனத்துறை சொன்னது எளிமையானது. ஆபத்தாகத் தொங்குவதை வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் முறிந்த இடம், வெட்டின இடம் எல்லாவற்றுக்கும் உடனே பெயிண்ட். ஆபத்தில்லாத மற்ற வேலையை ஜூலைக்குத் தள்ளிப் போடு. விதியை அறிந்தவர்களிடம் பெயிண்ட் டப்பா தயாராக இருந்தது. மற்றவர்கள் வீட்டு மரங்களில் புதுக் காயம் திறந்து கிடந்தது. இலக்கு ஒரு மரமில்லை. வேர் கோத்துக் கொண்ட தெரு முழுக்க!

விறகிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். நோயில் செத்த சிவப்பு ஓக்கைப் பச்சை விறகாகக் காரில் ஏற்றி இன்னொரு ஊருக்குக் கொண்டு போனால் நோயையும் சவாரி ஏற்றிக் கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம். ஒரு வருஷம் நன்றாகக் காய்ந்த விறகில் அந்தப் பயமில்லை.

* * *

நோய்க்குக் கதவைச் சாத்தியாயிற்று. உடம்பு தெம்பாக இருக்க என்ன செய்வது? அதுவும் தினப்படி வேலைதான்.

மரத்தின் வேர் ஆணி மாதிரி நேராகக் கீழே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வேர் மேல் மண்ணில், ஒன்றரை அடிக்குள் படுத்திருக்கிறது. அகலத்தில் கிளை விரிவையும் தாண்டிப் போகிறது. அந்த மண்ணில் கார் நிறுத்தினால் மண் இறுகி வேருக்கு மூச்சு முட்டும். நிழலில் நிறுத்தினோம் என்ற திருப்தி நமக்கு. நிழல் தந்தவருக்கு ஆஸ்துமா.

உதிர்ந்த இலை, மரத்தூள் இவற்றை 2 முதல் 4 அங்குலத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும். ஆனால் அடிமரத்தில் முட்டுக் கொடுத்துக் குவிக்கக் கூடாது. பட்டை ஈரத்தில் அழுகும். வறட்சியில் தினம் ஒரு செம்பு தண்ணீர் தெளிப்பதைவிட, எப்போதாவது ஒரு நாள் மண்ணில் ஆழமாக இறங்குகிற மாதிரி விட வேண்டும். கிளையை வெட்டும்போது அடிமரத்தோடு வழித்து வெட்டாமல், கிளை பிறக்கும் இடத்தில் தடித்த மோதிரம் மாதிரி இருக்கும் பாருங்கள், அதை விட்டு வெட்ட வேண்டும். அந்த மோதிரம்தான் காயத்தை மூடப் போகிற கொத்தனார்.

இதெல்லாம் ஒவ்வொரு மரத்துக்கு. ஊருக்கு? 1930-க்குப் பிறகு டச்சு எல்ம் நோய் அமெரிக்காவில் புகுந்தபோது தெருத் தெருவாக மொட்டையாயிற்று. காரணம், அழகுக்காகத் தெரு முழுக்க ஒரே ஜாதி எல்ம் மரமாக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து 1990-ல் ஃபிராங்க் சாண்டமோர் என்ற மர விஞ்ஞானி ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஊரில் உள்ள மரங்களில் ஒரே இனம் 10 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. ஒரே பேரினம் 20. ஒரே குடும்பம் 30. ஒரே கம்பெனி ஷேரில் மொத்தச் சேமிப்பையும் போடாதே என்று உங்கள் ஆபீஸ் சீனியர் சொல்கிறாரே, அதே புத்திமதி. அவர் பேச்சைக் கேட்காவிட்டாலும் சாண்டமோர் பேச்சைக் கேட்கலாம்.

அக்கா பையன் நாலாவது மரம் நட ஆசைப்பட்டான். இன்னொரு லைவ் ஓக் வாங்கி வரிசையை முடிக்கலாம் என்று எண்ணம். வேண்டாம் என்றேன். வெள்ளை ஓக் வகையில் பர் ஓக் என்று ஒன்று, அல்லது ஓக்கே இல்லாமல் வேறு ஏதாவது உள்ளூர் ஜாதி. வரிசை கொஞ்சம் கோணலாகத் தெரியும். தெரியட்டுமே.

ட்ரீட்டி ஓக் இன்றைக்கும் நிற்கிறது, ஒரு பக்கமாகச் சாய்ந்த குடை மாதிரி. விஷம் வைத்து 8 வருஷம் கழித்து, 1997-ல் மறுபடி கொட்டை போட்டது. நகராட்சி ஆட்கள் பொறுக்கி முளைக்க வைத்து, கன்றுகளை மாநிலம் முழுக்க, வெளி மாநிலத்துக்கும் கொடுத்தார்கள். பத்திரிகைகளில் அந்த மரம் வந்தது. அதைக் காப்பாற்றிய கோடீஸ்வரர் வந்தார். மார்ச் மாசம் ரம்பத்தைக் கீழே வைத்தவர் படம் எந்தப் பத்திரிகையிலும் வராது. அவர் வீட்டு மரம், பக்கத்து வீட்டு மரம், தெரு முழுக்க நிற்கிற மரம் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத சமாசாரத்தை எந்த எடிட்டர் ஸார் போடுவார்?